மூட்டைக்குள் விடாத கை

இங்கே நான் ஒரு மனிதரைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வி, "நீங்க எத்தனை கிலோ?" என்பதுதான். நம் ஊரில் ஒருவரை இப்படிக் கேட்டுப் பாருங்கள், என்னை என்ன ஆடென்று நினைத்தாயா என்று சண்டைக்கு வந்துவிடுவார். மலேசியாவில், இந்த மலாக்காவில், என் காலடியில் எப்போதும் ஒரு தராசு கிடக்கும். ஹெலிகாப்டரில் ஏற வருகிற யாராக இருந்தாலும், கோட்டு போட்ட முதலாளியோ மாலை போட்ட மாப்பிள்ளையோ, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்க வேண்டும். எடை தெரியாமல் அந்த இயந்திரம் தரையை விட்டு ஒரு சாண் கூட எழும்பாது. எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். ஐந்து கிலோ குறைத்தால் அது வெட்கம், பத்து கிலோ குறைத்தால் அது பொய் என்று நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தராசு முள் காட்டுவதை நான் எழுதிக்கொள்வேன்.

தமிழரசி, உன் வகுப்பில் 'எங்கப்பா ஹெலிகாப்டர் ஓட்டுறாங்க' என்று சொன்னாயாமே. அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் ஓட்டவில்லை, கண்ணு. துப்புரவு வேலைக்கென்று ஒரு ஏஜெண்டு மூலம் வந்தவன், ஒரு ஹெலிகாப்டர் நிறுவனத்தின் தகரக் கொட்டகையைக் கூட்டிக் கழுவப் போனேன். கூட்டிக்கொண்டிருந்தவனைப் பெட்டி தூக்கச் சொன்னார்கள், பிறகு ஆளை நிறுக்கச் சொன்னார்கள், இறங்குமிடத்தில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். இப்படி மூன்று வருஷம் ஓடிவிட்டது. எங்கள் ஹெலிகாப்டர் என்னென்ன வேலை செய்கிறது என்று உன் தம்பி குமரன் கேட்டிருந்தான். மலைமேல் போகிற மின்கம்பியை ஒட்டியே பறந்து எங்கே பழுது என்று பார்க்கும். லோரி போக முடியாத இடத்துக்குக் கம்பத்தையும் சிமெண்டையும் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும். செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தை மேலிருந்து படம் பிடிக்கும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்குப் பறக்கும். சுற்றுலா வந்தவர்களுக்குக் கடலையும் பழைய ஊரையும் ஒரு சுற்றுக் காட்டும். கல்யாண மாப்பிள்ளையை மைதானத்தில் கொண்டுவந்து இறக்கும். கும்பாபிஷேகம் என்றால் கோபுரத்துக்கு மேலே நின்று பூத் தூவும்.

அந்தப் பூத் தூவுகிற வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். அதை வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கிற காகிதம் இப்போது மேனேஜர் மேசையில் இருக்கிறது. நான் செய்ததைப் பற்றிய அறிக்கையும் அதே உறையில் இருக்கிறது. இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் 'வந்துடுங்கப்பா' என்பீர்கள். அதை நினைத்தால் மனசு ஒரு நிமிஷம் லேசாகிறது, அடுத்த நிமிஷம் உங்கள் படிப்புச் செலவைக் கணக்குப் போடத் தொடங்குகிறேன். வெளிநாட்டில் அப்பா இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். இங்கே நாங்கள் எதற்குப் பயப்படுகிறோம் என்று உங்களுக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

குமரனுக்கு நினைவிருக்காது, அப்போது கைக்குழந்தை. ஊரில் அந்தப் பெரும் புயல் அடித்து, தென்னை எல்லாம் படுத்துக் கிடந்த நாலாவது நாள், ஒரு ஹெலிகாப்டர் வந்தது. அறந்தாங்கி ரோட்டில் நின்றவர்கள் எல்லாரும் துண்டை வீசிக்கொண்டு வயலுக்குள் ஓடினோம். தமிழரசியைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். அரிசி போடும், தண்ணீர் போடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டது. மேலே இருப்பவர்களுக்கு நாம் தெரிந்திருக்கவே மாட்டோம் என்று அன்றைக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது அந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது என்பது உண்மைதான். அதனால்தான் கீழே நிற்கிறவன் பொய் சொல்லக் கூடாது.

நான் தப்பு செய்த அன்றைக்குக் காலையில் மின்கம்பி வேலை என்று சொல்லியிருந்தார்கள். பாச்சாங்கில் எங்கள் விடுதிக்குக் கீழே ஒரு மலாய்க்கார அம்மா விற்கிற நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை வாங்கி, சம்பலும் நெத்திலிக் கருவாடும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். பாதி வழியில் என் மேற்பார்வையாளர் ஹலிம் போனைப் பார்த்துவிட்டு, வேலை மாறிவிட்டது, ரெம்பியா பக்கம் கோயில் பூ வேலை, பேச நீதான் வேண்டும் என்றார். ஹலிம் என்னைவிட நாலைந்து வயது பெரியவர், நான் அபாங் என்றுதான் கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். கோயில் என்றதும் எனக்கு நாக்கில் இருந்த நெத்திலி ருசி கசந்துவிட்டது. ஊரில் காப்புக் கட்டிவிட்டால் உங்கள் அம்மா மீன்சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்துவிடுவாளே, அந்த வீட்டிலிருந்து வந்தவன் நான். ஆனால் தெரியாமல்தானே சாப்பிட்டேன், கோயிலுக்குள் போகாமல் வெளியே நின்று வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன்.

அது முன்பு தோட்டத்துக்குள் இருந்த மாரியம்மன் கோயில். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது கோயிலைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள், ஜனங்கள் பல வருஷம் அலைந்து, சாலையோரம் ஒரு துண்டு நிலம் வாங்கிப் புதுசாகக் கோபுரம் எழுப்பியிருந்தார்கள். பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளி. அந்த மைதானத்தில்தான் எங்கள் இயந்திரம் இறங்கியது. நான் தமிழில் பேசியதும் கோயில் தலைவர் முனியாண்டிக்கு வாயெல்லாம் பல். "கம்பெனியில நம்ம ஆளு இருக்காரு, இனிமே கவலையில்லலா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே போனார். மேலே உட்கார்ந்து பூ வீசுவதற்குக் கணேசன் என்கிற லோரி ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்பது கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்தார். தராசு தொண்ணூற்று நாலு காட்டியது. பக்கத்தில் நின்ற அவருடைய அக்கா லெட்சுமி, "நேத்து அந்த நாலாவது ரொட்டி சானாயையாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாம்" என்றார். கணேசன், "அது நாலாவது இல்லக்கா, அஞ்சாவது" என்றார் ரொம்ப நேர்மையாக. அந்த எடைக்காக நாலு மூட்டைப் பூவில் ஒரு மூட்டையைக் குறைக்க வேண்டியதாயிற்று.

நடுவே இன்னொரு குழப்பம். கலசத்தில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் கருடன் வந்து வட்டமிடும், அது வருகிறவரைக்கும் இயந்திரத்தைக் கிளப்பக் கூடாது, சத்தத்துக்குப் பயந்து ஓடிவிடும் என்று தலைவர் சொன்னார். நான் அதை ஹலிமிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், ஒரு பறவை வரும், அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று. ஹலிமின் முகம் மாறிவிட்டது. எத்தனை பறவை, எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். பைலட் கேப்டன் வோங்கும் கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். பறக்கிறவர்களுக்குப் பறவை என்றால் பயம். கும்பிடுகிறவர்களுக்கு அது வரம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, வந்தால் நல்லது என்று ஒரு பக்கமும், வராது பயப்படாதீர்கள் என்று மறுபக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று வருஷத்தில் என் பிழைப்பே இதுதான் என்று சில சமயம் தோன்றும்.

இப்போது பூ விஷயம். ஹெலிகாப்டருக்கு வாலில் ஒரு சின்ன விசிறி உண்டு, அது நின்றால் மொத்த இயந்திரமும் பம்பரம் போலச் சுற்றிக் கீழே விழும். கதவைக் கழற்றிவிட்டுப் பூ வீசும்போது காற்று எதையும் அந்த வாலுக்கு இழுத்துக்கொண்டு போகலாம். உதிரிப் பூ பட்டால் ஒன்றும் ஆகாது. நூலோ, நாரோ, பிளாஸ்டிக் பையோ, கற்பூரப் பொட்டலமோ போனால் போச்சு. அதனால் தொடுத்த பூ கூடவே கூடாது என்பது சட்டம். இதை நான் கோயில்காரர்களிடம் மூன்று தடவை சொன்னேன். லெட்சுமி அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இப்போது ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கோயில் எழும்பினால் என் கையால் தொடுத்த மாலைதான் கலசத்தில் முதலில் விழ வேண்டும் என்று, பழைய கோயிலை இடிக்க ஆள் வந்த அன்றைக்கே வேண்டிக்கொண்டாராம். "உதிரிப் பூவ சாவு ஊர்வலத்துலதான் ரோட்டுல வீசிட்டுப் போவாங்க, தம்பி. அம்மனுக்கு அதையா போடறது?" என்றார். சட்டம் அப்படி அக்கா என்று மட்டும் சொன்னேன்.

பூ மூட்டைகள் யாகசாலைப் பந்தல் ஓரத்தில் இருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் தோள்வரைக்கும் கையை விட்டு, அடிமட்டம் தொட்டு, துழாவிப் பார்க்க வேண்டும். அதுதான் என் வேலை. நான் முதல் மூட்டைக்கு முன்னால் குனிந்தேன். சாமந்தியும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் கலந்த வாசனை ஏறியது. சாமிக்குப் போகிற பூவை முகர்ந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். என் விரல்களைப் பார்த்தேன். காலையில் கருவாட்டைப் பிசைந்த கை. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன்தான், ஆனாலும் குளிக்காத உடம்பு. அந்தக் கையை எப்படி உள்ளே விடுவது? மூட்டையின் வாயை மட்டும் விரித்து, மேலே தெரிந்த பூவைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவதையும் அப்படியே, மூன்றாவதையும் அப்படியே. இரண்டாவது மூட்டையின் வாயை ஒரு சிவப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். நான் நிமிர்ந்தபோது ஹலிம், எல்லாம் பார்த்தாச்சா, கையை விட்டுப் பார்த்தியா என்று கேட்டார். பார்த்தாச்சு அபாங் என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கேப்டன் வோங் ஏறி உட்கார்ந்தார், கணேசனை வாரால் கட்டிப் பக்கத்தில் மூட்டைகளை வைத்தார்கள்.

கருடன் வரவில்லை, நேரம் நெருங்கியதும் தலைவரே கிளப்பச் சொல்ல, இயந்திரம் எழும்பியது. முதல் மூட்டை கோபுரத்துக்கு மேலே விரிந்தபோது கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கி 'ஓம் சக்தி' என்று கத்தியது. நான் மைதானத்து ஓரத்தில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணில் தண்ணீர், கை இரண்டும் தலைக்கு மேலே. என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"கோவிச்சுக்காத தம்பி. செவப்புத் துணி கட்டின மூட்டையில அடியில என் மாலை இருக்கு. கலசத்துல தண்ணி ஊத்தும்போது அந்த மூட்டைய எடுடான்னு கணேசன்கிட்ட சொல்லிவிட்டிருக்கேன். நேரா கலசத்துல விழுந்திரணும், அவ்வளவுதான்."

பிள்ளைகளே, நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. நீங்கள் பத்து வரைக்கும் எண்ணுங்கள், அவ்வளவு நேரம் நின்றேன். சொன்னால் நான் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னது வெளியே வரும், பெர்மிட் போகும், ஊருக்குப் போய் என்ன செய்வேன். சொல்லாவிட்டால், ஒருவேளை அந்த மாலை நேராகவே விழலாம், யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடலாம். அம்மன் காரியம்தானே, அவளே பார்த்துக்கொள்வாள் என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன். அப்போது ஹெலிகாப்டர் திரும்பியது. திறந்த கதவு வழியாக, கணேசன் ஒரு மூட்டையை மடியில் தூக்கி வைப்பது தெரிந்தது. கட்டை அவிழ்த்துவிட்டார் போல, சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. அடுத்து அவர் கை உள்ளே போகும். நான் விட்டிருக்க வேண்டிய கை அது.

ஓடினேன். ஹலிம் காதில் ரேடியோ மாட்டியிருந்தார், கூப்பிட்டது கேட்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்து, பூவில் கயிறு இருக்கிறது, சிவப்பு மூட்டை, அடியில் என்றேன். மலாய் எல்லாம் மறந்து பாதி தமிழிலேயே சொன்னேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரேடியோவில் மூன்றே சொற்கள் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எனக்கு மிக மெதுவாக நடந்த மாதிரி இருக்கிறது. கணேசனின் கை மூட்டைக்குள் போனது. கேப்டன் வோங் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவர் தோளில் தட்டினார். கணேசனின் கை வெளியே வந்தது, வெறுங்கையாக. மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இயந்திரம் கோபுரத்தை விட்டு விலகிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. ஜனங்கள் இன்னொரு சுற்று வரும் என்று கையசைத்துக்கொண்டே இருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் குருக்கள் கலசத்தில் தண்ணீரை ஊற்றினார். மேலே வெறும் வானம்.

இறங்கி விசிறி நின்றதும் ஹலிம் ஒரு தார்ப்பாயை விரித்து அந்த மூட்டையைக் கொட்டினார். அடியிலிருந்து மாலை வந்து விழுந்தது. என் இடுப்பு உயரம் இருக்கும். மல்லிகையும் துளசியும் நெருக்கமாக வைத்து, நைலான் நூலில் கட்டி, நுனியில் கனமான ஒரு குஞ்சம். கேப்டன் வோங் அதைப் பார்த்துவிட்டு வாலைப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடியும் மாலையைப் பார்த்தார். ஹலிம்தான் மெதுவான குரலில் கேட்டார், கையை விட்டுப் பார்த்தேன் என்றாயே என்று. இல்லை அபாங், பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன் என்றேன். ஏன் என்றார். மீன் சாப்பிட்டதையும், குளிக்காததையும், சாமி பூ என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சின்னப் பிள்ளை சொல்லும் சாக்கு மாதிரி இருந்தது. அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன்.

"தொழுகைக்கு முன்னாடி நானும் கழுவிட்டுத்தான் போறேன், ராசு. சுத்தம்னா எனக்குப் புரியாதா?" என்றார். "என்னால தொட முடியாது, வேற ஆள விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நீ அம்மன்கிட்ட காட்டின மரியாதைய மேல போன ரெண்டு பேர்கிட்ட காட்டல."

அதைத் தமிழில் எழுதிவிட்டேன், அவர் மலாயில் சொன்னார். இதுவரைக்கும் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

முனியாண்டித் தலைவர் வேகமாக வந்தார். இத்தனை வருஷம் அலைந்து, ஜனங்கள் பாடுபட்டு, கலசத்தில் தண்ணீர் விழுகிற நேரத்தில் ஒரு பூ விழவில்லையே என்று கத்தினார். நம்ம ஆளு நம்ம ஆளு என்று நம்பியதுக்கு இதுவா, ஊரிலிருந்து வந்தவனுக்கு இங்கே உள்ள பக்தி என்ன தெரியும் என்றார். பக்தியால்தான் இப்படி ஆனது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? லெட்சுமி அக்கா மட்டும் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாலில் இருக்கிற விசிறியைக் கணேசன் விரலால் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அந்த விசிறியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தம்பியின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த மாலையை அவர் தொடவே இல்லை.

அறிக்கை எழுதி முடிகிற வரைக்கும் இயந்திரத்தைத் தொடாதே என்று ஹலிம் என்னிடம் சொல்லிவிட்டார். கோயிலுக்குள் போகவும் எனக்கு முகமில்லை, உடம்பும் சுத்தமில்லை. மைதானத்தின் நடுவில் வெயிலில் நின்றேன். அப்போது கோயிலில் தீர்த்தம் தெளிக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் பெரிது என்பதால், தண்ணீரைத் தொட்டியில் கலந்து, மோட்டார் வைத்து, ரப்பர் குழாயால் மேலே பீய்ச்சினார்கள். ஜனங்கள் முகத்தை ஏந்திக்கொண்டு நின்றார்கள். காற்று சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. மஞ்சள் கலந்த தண்ணீர் மைதானத்தைத் தாண்டி வந்து ஹெலிகாப்டரின் முன்கண்ணாடி முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அதற்கு முன்னால் நின்ற என் மேலும்தான்.

அது காய்ந்தால் கறை, கேப்டனுக்கு வழி தெரியாது. ஹலிம் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு துணியை எடுத்து நீட்டினார். தொடக் கூடாதென்றீர்களே அபாங் என்றேன். "கண்ணாடி மட்டும்" என்றார்.

ஊரில் தீர்த்தம் பட்ட இடத்தை யாரும் துடைக்க மாட்டோம், தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுவோம். நான் துடைத்தேன். ஓட்டுகிறவருக்கு எங்கேயும் ஒரு பொட்டு மறைக்காதபடி, மேலிருந்து கீழாக, இரண்டு தடவை துடைத்தேன். கேப்டன் வோங் உள்ளே ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஒரு பக்கம் நாதஸ்வரம் கேட்டது, ஒரு பக்கம் விசிறி சுற்றத் தொடங்கியது. துணி நனைந்து கனத்துவிட்டது, விரல் இடுக்கில் மஞ்சள் தண்ணீர் ஒழுகியது. அந்த ஈரக் கையை நான் தலையில் தடவிக்கொள்ளவும் இல்லை, சட்டையில் துடைத்துக்கொள்ளவும் இல்லை.